மாமனாரின் சைஃபன்

"காலையில மீனுக்கு ஒரு பிடி, சாயங்காலம் ஒரு பிடி. பம்ப்பை ஆறு மணிக்குப் போடணும், ராத்திரி ஒன்பதுக்கு நிறுத்தணும். ஆனா சைஃபன்ல மட்டும் கை வைக்கக் கூடாது, மாப்பிள்ளை!"

கண் ஆபரேஷனுக்காகப் பெரிய மகள் வீட்டுக்குக் கிளம்பிய மாமனார், செருப்பை மாட்டிக்கொண்டே நாலாவது தடவையாகச் சொன்னார்.

"ஒரு டைமர் மாட்டிட்டா..." என்று இழுத்தான் மாப்பிள்ளை.

"பாத்தியாம்மா? நான் இன்னும் படியே இறங்கல. அதுக்குள்ள டைமர்ங்கிறாரு!" என்று மகளிடம் முறையிட்டார்.

இந்தப் பஞ்சாயத்துக்கு வயசு ஆறு மாதம்.

பால்கனியில் கீழே மீன் தொட்டி. அதன்மேல் கூழாங்கல் நிரப்பிய செடித் தொட்டி. மீன் தண்ணீரைப் பம்ப் மேலே ஏற்றும். செடிகள் குடித்ததுபோக மிச்சம் கீழே இறங்க வேண்டும். எப்படி இறக்குவது என்பதில்தான் சண்டை.

பம்ப் கால் மணி ஓடட்டும், முக்கால் மணி நிற்கட்டும். அதற்கு ஒரு டைமர், தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை, அவ்வளவுதான் என்பது மாப்பிள்ளை கட்சி.

பம்ப் பாட்டுக்கு ஓடட்டும். வடிகுழாய் மேல் ஒரு டப்பாவைக் கவிழ்த்து வைத்தால், தொட்டி நிரம்பியதும் மொத்தத் தண்ணீரையும் ஒரே மூச்சில் உறிஞ்சிக் கீழே தள்ளிவிடும் என்பது மாமனார் கட்சி. அதுதான் சைஃபன். முப்பது வருஷம் தபாலாபீசில் முத்திரை குத்தியவர். குத்தினால் குத்தினதுதான்.

அவர் கிளம்பிய அன்று மத்தியானமே வினை ஆரம்பித்தது.

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஆபீஸ் வேலையாக இருந்த மாப்பிள்ளை, ஏதோ உறைக்க, எழுந்துபோய்ப் பார்த்தான். செடித் தொட்டி தளும்பி நின்றது. தண்ணீர் நூல் மாதிரி குழாயில் ஒழுகியதே தவிர, சைஃபன் இழுக்கவே இல்லை. பம்ப் தள்ளுகிற வேகம் அதற்குப் போதவில்லை. இப்படியே விட்டால் தக்காளிச் செடியின் வேரெல்லாம் இரண்டு நாளில் அழுகிவிடும்.

ஆறு மாதமாக டிராயரில் தூங்கிய டைமரை எடுத்துக்கொண்டு வந்தான்.

"மாட்டுங்க, மாட்டுங்க!" என்றாள் மனைவி. "அப்பா வந்து பாத்துட்டு இனிமே வாயே திறக்கக் கூடாது."

அப்போது பார்த்து போன் அடித்தது. மாமனார்.

"வந்து சேந்துட்டேன் மாப்பிள்ளை. நாளைக்குக் காலையிலதான் ஆபரேஷன்." குரலில் அந்த அதட்டலே இல்லை. "சைஃபன்... இழுக்குதா?"

மாப்பிள்ளை கையிலிருந்த டைமரைப் பார்த்தான்.

"ஜம்முனு இழுக்குது மாமா! நீங்க தைரியமாப் போயிட்டு வாங்க."

டைமர் மறுபடி டிராயருக்குள் போனது.

ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு வழி பிடிபட்டது. கீழ்த் தொட்டியிலிருந்தே இரண்டு சொம்பு மொண்டு மேலே ஊற்றினால், மட்டம் சட்டென்று ஏறி, சைஃபன் 'களக்' என்று விழித்துக்கொள்கிறது. மொத்தத் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. தொட்டி திரும்ப நிரம்ப ஒரு மணி நேரம். மறுபடி இரண்டு சொம்பு.

ஆக, பத்து நாளும் பகல் பூராவும் மணிக்கொரு தரம் அலாரம். மணிக்கொரு தரம் பால்கனிக்கு ஓட்டம்.

"மீட்டிங் நடுவுல எங்க எழுந்து போனீங்க?" என்று கேட்டார் மேனேஜர்.

"தண்ணி, சார்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணிதான் குடிப்பீங்க?"

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? பத்து நிமிஷ வேலை, டைமரை மாட்டிட்டுப் போறதை விட்டுட்டு..."

"கண்ணு தெளிஞ்சு வர்ற மனுஷன் முதல்ல பாக்கிறது, தான் தோத்துப் போனதையா?"

அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். ஆனால் அவன் வெளியே போக வேண்டியிருந்த சனிக்கிழமை, சொம்பு அவள் கையில் இருந்தது.

பதினோராம் நாள் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார் மாமனார். நேரே பால்கனிதான். மீன்களை எண்ணினார். பன்னிரண்டும் இருந்தன. தக்காளி கொத்துக் கொத்தாகச் சிவந்திருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பாத்தியாம்மா?" என்று வீடு அதிரக் கூப்பிட்டார். "பத்து நாள் நான் இல்ல. தானா ஓடியிருக்கு! டைமராம், டைமரு!"

மகள் பொங்கிக்கொண்டு வாயைத் திறந்தாள். மாப்பிள்ளை அவள் காலை மிதித்தான்.

"நீங்கதான் ஜெயிச்சீங்க மாமா."

"ரெண்டு பேரும் எப்படியோ போங்க!" என்று அவள் டீ போடப் போய்விட்டாள்.

மாமனார் அவள் போன திசையை எட்டிப் பார்த்தார். பால்கனிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். மாப்பிள்ளையின் தோளில் கை போட்டு, காதோரம் குனிந்தார்.

"எத்தனை சொம்பு ஊத்தினீங்க?"

மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ரெ... ரெண்டு மாமா."

"ரெண்டு எதுக்கு? சரிச்சு ஒரே வீச்சா ஊத்தணும், மாப்பிள்ளை. ஆறு மாசமா எனக்கு ஒண்ணே போதுது!"