இரண்டாம் கியர்

என் நினைவு பிசகியிருக்கலாம். அது ஐப்பசி என்றுதான் தோன்றுகிறது. ஓய்வுபெற்ற ஓட்டுநர் கோமதிநாயகம் ஏலத்தில் எடுத்த பழைய பேருந்துக்குள் கட்டிலும் அடுப்பும் வைத்து, மனைவி செண்பகவல்லியோடு ஊர் ஊராகப் போய் அதிலேயே வாழ்ந்தார். நிறுத்தத்தில் ஆள் நின்றால் அவர் கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிடும். எட்டிப் பார்ப்பவர்கள் கட்டிலைக் கண்டதும் பின்வாங்கிவிடுவார்கள். அன்று மழைக்கு ஒதுங்கி நின்ற ஒருத்தி மட்டும் கூடையோடு ஓடிவந்து ஏறி, கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் அடுப்பைப் பார்த்தாள்.

“ஐயோ, இது பஸ் இல்லையாக்கா?”

“வீடுதான். உக்காரு தாயி, ஒங்க ஊர்லயே எறக்கி விட்டுருதோம்.”

அந்த வீட்டுக்குள் இன்னொருவர் வந்து உட்கார்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. செண்பகவல்லி அவசரமாகக் காப்பி கலந்து கொடுத்துவிட்டு, கணவரின் காதருகே குனிந்தாள்.

“கொஞ்சம் மெதுவாப் போங்களேன்.”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் கியரிலேயே ஓட்டினார்.

“நான் நடந்திருந்தாக்கூட இந்நேரம் போயிருப்பேன்க்கா” என்று வந்தவள் சிரித்தாள். செண்பகவல்லியும் சிரித்து, இன்னொரு டம்ளர் ஊற்றினாள்.

அந்தப் பெண் தன் ஊரில் இறங்கிக்கொண்டாள். கோமதிநாயகம் மறுவருஷம் இறந்துபோனார். பேருந்தைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். செண்பகவல்லி மகனோடு நகரத்தில், நான்காம் மாடியில் இருக்கிறாள்.