மயிரிழை இறங்கிய சுருதி

ஓர் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் மெல்லிய தங்க வளையம் ஒன்று இருந்தது. நுண்ணலை பாயும்போது அது ஒரே சுருதியில் பாடும். நோயைக் காட்டும் மூலக்கூறு வந்து ஒட்டிக்கொண்டால் சுருதி மயிரிழை இறங்கும். அதன் பக்கத்தில் ஒரு சாயக் குப்பி இருந்தது.

அன்று காலை நெஞ்சுவலியோடு வந்த லாரி ஓட்டுநர் சவரிமுத்துவின் ரத்தத்தில் ஒரு துளியை, டெக்னீஷியன் ஹசீனா வளையத்தின் மேல் விட்டார்.

"ஐயோ, இறங்குதே!" என்று பதறியது வளையம்.

"ஏசி குளிரா இருக்கும். கண்ணுக்குத் தெரியாததை நம்பி வாயை விடாதே" என்றது குப்பி. "என்னைக் கலந்தா ரெண்டு மணி நேரத்துல நிறமே காட்டிடுவேன். அதுவரை சும்மா இரு."

வளையம் பயந்துபோய், பழைய சுருதிக்கே ஏறிவிட முயன்றது. அதற்குள் ஹசீனா உப்புநீரை ஓடவிட்டார். சும்மா படிந்திருந்ததையெல்லாம் அது அடித்துக்கொண்டு போனது. ஏதோ ஒன்று மட்டும் விடாமல் பிடித்திருந்தது.

"குளிர் இப்படிப் பிடிக்குமா?" என்று கேட்டுவிட்டு, நடுங்கிக்கொண்டே சுருதியை இறக்கியது வளையம்.

திரையில் கோடு சரிந்தது. ஹசீனா டாக்டரைக் கூப்பிட்டார். சவரிமுத்துவை உடனே இதய சிகிச்சை அறைக்குக் கொண்டுபோனார்கள்.

"நான் சொன்னது தப்பா இருந்தா?" என்றது வளையம்.

மதியம் ஹசீனா போனில் சவரிமுத்துவின் மனைவியிடம், "அடைப்பை எடுத்துட்டாங்கம்மா. உங்க வீட்டுக்காரர் நல்லாப் பேசுறார்" என்றார்.

"இனிமே உனக்குப் பயமில்லையே?" என்று மெதுவாகக் கேட்டது குப்பி.

"இருக்கு. அடுத்த துளி வருது பாரு" என்றது வளையம்.