கைச்சாடை

சூதாட்டக் கூடம் உள்ள உல்லாசக் கப்பலில் ஏறுவதற்கு முன்பே மனைவி ஸ்டெல்லாவுக்குப் பிளாக்ஜாக் சீட்டாட்டத்தைச் சொல்லிக்கொடுத்துவிட நினைத்தான் இன்னாசி. சாப்பாட்டு மேஜையில் சீட்டுகளைக் கலைத்தபடி, "படமெல்லாம் பத்து. ஏஸை ஒண்ணாவும் வச்சுக்கலாம், பதினொண்ணாவும் வச்சுக்கலாம். இருபத்தொண்ணுக்குக் கிட்ட வரணும், தாண்டினா போச்சு," என்றான். "சீட்டு போடுறவனுக்கு மட்டும் சொந்த விருப்பம் கிடையாது. பதினாறு வரைக்கும் எடுத்தே ஆகணும்." அவளுக்கு ஏழும் ஐந்தும் விழுந்தன. இன்னொரு சீட்டு கேட்டு, எதுவும் பேசாமல் இரண்டு விரல்களால் மேஜையைத் தட்டினாள். எட்டு வந்தது. உள்ளங்கையைக் கவிழ்த்து, தூங்குகிறவர் முகத்தருகே ஈயை விலக்குவதுபோல அவ்வளவு மெதுவாகச் சீட்டுகளின் மேல் அசைத்தாள். போதும் என்று அர்த்தம். சூதாட்ட மேஜையில் வாய்ப்பேச்சு செல்லாது, கைச்சாடைதான் செல்லும் என்பதை அவன் இன்னும் சொல்லியிருக்கவில்லை. "யார் சொல்லிக் குடுத்தது?" "எதை?" "கையை இப்படி ஆட்டுறதை." அவள் தன் கையை வேறு யாருடையதோ போலப் பார்த்தாள். "ஜெரால்டு. நம்ம கல்யாணத்துக்கு ரொம்ப முந்தி." இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் ஒருமுறைகூட ஒலிக்காத பெயர், அவள் வாயில் அத்தனை பழக்கமாக வந்தது. "யாரு ஜெரால்டு?" "முதல்ல உங்க சீட்டைத் திருப்புங்க." திருப்பினான். ராஜாவுக்குப் பக்கத்தில் ஆறு. "பதினாறு," என்று சிரித்தாள். "உங்களுக்கு வேற வழியில்ல. எடுங்க." இன்னாசி ஒரு சீட்டை எடுத்தான். அதைத் திருப்பாமலே கேட்டான்: "அவன் நல்லா ஆடுவானா?" இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். ஸ்டெல்லா யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள்.