ஒன்பது பேர் வந்த கூடம்

மதச் சமூகவியல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். ஆய்வாளர் தன் கட்டுரையின் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தாள்.

"பத்துப் பேராவது வரலைன்னா அந்தப் பிரார்த்தனைக் கூடத்தை மூடிடணும்ங்கிறது அவங்க தலைமையிடத்து விதி. ரெண்டு வருஷம், ஒரு வாரம் விடாம கடைசி பெஞ்சுல உட்கார்ந்து எண்ணினேன். ஒன்பது பேர்தான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனா கூடம் இன்னும் நடக்குது. ஏன்னுதான் பிடிபடலை."

"இதுல என்னம்மா இருக்கு? யாரோ பொய்க்கணக்கு எழுதியிருப்பாங்க" என்றார் சங்கத் தலைவர். அரங்கம் சிரித்தது.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். அந்தப் பிரார்த்தனைக் கூடத்தைத் திறந்து பெருக்கிப் பூட்டுகிறவள். ஆய்வாளர்தான் அவளை அழைத்திருந்தாள்.

"வருகைப் பதிவு எழுதுறது நான்தாங்க. பொய்யெல்லாம் எழுதினதில்லை. என்னைச் சேர்க்காம தலையை எண்ணித்தான் பத்துன்னு எழுதுறேன்."

ஆய்வாளருக்கு முகம் வாடிவிட்டது. விரல் விட்டு எண்ணினாள்.

"பேக்கரிக்காரர் வீட்ல நாலு பேர். தையல்காரம்மா, அவங்க தங்கச்சி, டிரைவர், நர்ஸ், தபால்காரர். ஒன்பதுதானே அக்கா?"

"கடைசி பெஞ்சுல ஒருத்தி நோட்டும் பேனாவுமா உட்கார்ந்திருப்பாளே, அவளை விட்டுட்டியேம்மா."

ஆய்வாளர் மிச்சமிருந்த பத்தாவது விரலைப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷமா உன்னாலதான் கூடம் நிக்குது. அதுக்கு நன்றி சொல்லத்தான் ரெண்டு பஸ் மாறி வந்தேன்" என்றவள், தயங்கிக் கேட்டாள்:

"கட்டுரை முடிஞ்சிருச்சாமே. அடுத்த வாரம் அந்தப் பெஞ்சைத் துடைச்சு வைக்கட்டுமா, வேண்டாமா?"