குழியின் சூடு

அந்தி வெயில் விடுதியின் மணலில் பொன்னாகக் கிடக்கிறது. ‘ஹவாய் லூவாவ் விருந்து, மண்குழியில் சுட்ட பன்றி, ஆளுக்கு நூற்றெண்பது டாலர்’ என்ற பலகையின் முன் கமகா விறைப்பாக நிற்கிறார். நாளை முதன்முதலாக ஹவாய்க்கு வரும் சம்பந்திகளை இங்கே அழைத்துவர வேண்டும் என்பது மனைவி லெய்மோமியின் ஆசை. “வீட்டுலேயே குழி தோண்டிப் பன்றி சுட உங்க இடுப்பு வளையாதுங்க.” அவர் குனிந்து, பன்றி வேகும் குழியை மூடிய மண்ணில் உள்ளங்கையை வைக்கிறார். சில்லென்றிருக்கிறது. “எங்கயோ அடுப்புல வெந்துட்டு, இங்க படுக்க வந்திருக்கு.” லெய்மோமியும் தொட்டுப் பார்த்து, வாய்பொத்திச் சிரிக்கிறாள். “நம்ம சம்பந்திக்கு இதையா போடுறது? நாளைக்கு வீட்டுலதான்” என்று கமகா எழப் பார்க்கிறார், முடியவில்லை. அவள் கையை நீட்டுகிறாள். “வாங்க. நான் தோண்டறேன், நீங்க பக்கத்துல பெருமையா நில்லுங்க.”