உத்தியோக உயர்வுக்கு ஓர் அர்ச்சனை

"சாய்நாத். சுவாதி நட்சத்திரம்," என்றாள் ஜலஜா. "உத்தியோகத்துல உயர்வு கிடைக்கணும். நாளைக்கே ஆர்டர் வந்துடணும்."

"கோத்திரம்?" என்றார் குருக்கள்.

ஜலஜா ஒரு கணம் விழித்தாள். "சிவ கோத்திரம்னு சொல்லிடுங்கோ மாமா."

கபாலி கோயிலில் அன்றைக்குக் கிருத்திகைக் கூட்டம். சிங்காரவேலர் சன்னதியில் ஆட்களைக் கம்பியோடு சேர்த்து நசுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நெரிசலில் சொந்தப் பெயர் ஞாபகம் இருந்தாலே பெரிய விஷயம், கோத்திரமாவது ஒன்றாவது. குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

விஷயம் இதுதான். வெளிநாட்டு பேங்க் ஒன்றின் மெட்ராஸ் கிளைக்கு ஒரு வைஸ் பிரசிடென்ட் தேவை. பம்பாய்க்கு இரண்டு பெயர்கள் போயிருந்தன. ஒன்று சாய்நாத், இன்னொன்று கல்யாணராமன். இருவரில் யார் என்பது மறுநாள் காலையில் தெரிந்துவிடும்.

கிடைக்கிறவருக்கு டிரைவரோடு கார் உண்டு. பெசன்ட் நகரில், மொட்டை மாடிக்கு ஏறாமலே கடல் தெரிகிற ஃப்ளாட் உண்டு. அதைவிட முக்கியம், அந்த ஃப்ளாட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். மயிலாப்பூரில் லாரிக்குக் குடத்தோடு காத்துக்கிடக்கும் ஜலஜாவுக்கு, இந்தக் கடைசிச் சலுகையை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

ஆனால் அவள் கணவருக்கு இப்போதைய பதவியிலேயே இட்லிக்குச் சட்னி வேண்டாம், ஜெலுசில் போதும். இடுப்பில் பேஜர் துடித்தால் முகூர்த்த நேரத்தில்கூட எழுந்து போய்விடுவார். பேங்கில் வருஷா வருஷம் குடும்ப விருந்து நடக்கும். அதற்கு ஒரு தடவைகூட அவர் அவளைக் கூட்டிப் போனதில்லை, நேரமில்லை.

போன மாதம் பெண் அனன்யாவின் ரேங்க் கார்டை ஆபீஸ் ஃபைல் என்று நினைத்து, ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். டீச்சர் மெனக்கெட்டு வீட்டுக்கே பேச வந்தாள். அவர் பம்பாயில் இருந்தார்.

அனன்யா அன்றைக்கு அழவில்லை, கோபப்படவும் இல்லை. "அப்பான்னா அப்படித்தான் மிஸ்," என்று டீச்சருக்குச் சமாதானம் சொன்னாள்.

இவ்வளவும் தெரிந்தவள்தான் ஒரு மாதமாக வந்து அர்ச்சனைச் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பச்சைச் சுங்குடிப் புடவை கட்டிய ஒருத்தி, அர்ச்சனைத் தட்டோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். வந்தவளுக்கு மூச்சு வாங்கியது.

"உங்களுக்கு என்ன பிரார்த்தனை மாமி?" என்றாள், மூச்சு வந்ததும்.

"உத்தியோக உயர்வு."

"எனக்கும் அதேதான். பேங்க் உத்தியோகம்," என்று பச்சைப் புடவை சிரித்தாள். "சம்பளத்துக்கு ஒரு குறையும் இல்லை. எங்காத்துல சோபா வாங்கி வருஷம் ஒண்ணாச்சு. அவர் இன்னும் அதுல உக்காரலை."

"எங்காத்துல டைனிங் டேபிள்," என்றாள் ஜலஜா.

இருவரும் சிங்காரவேலரைப் பார்த்தார்கள். அவர் மயில்மேல் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். வள்ளியும் தெய்வானையும் பக்கத்திலேயே இருந்தார்கள். அவருக்குப் பேஜர் கிடையாது.

குருக்கள் திரும்பி வந்து ஜலஜாவின் தட்டையும் விபூதியையும் கொடுத்தார். பச்சைப் புடவையின் தட்டை வாங்கிக்கொண்டு, "பேர்?" என்றார்.

"கல்யாணராமன். உத்திராடம்."

விபூதியோடு நெற்றிக்குப் போன ஜலஜாவின் கை பாதியில் நின்றது.

"கோத்திரம்?"

"அது தெரியலையே மாமா. சிவ கோத்திரம்னு வெச்சுக்கோங்கோ."

"இன்னிக்கு எல்லாரும் சிவ கோத்திரமாவே வரேளே," என்று முணுமுணுத்துக்கொண்டே குருக்கள் உள்ளே போனார்.

ஜலஜா அவள் பக்கம் திரும்பினாள். "கல்யாணராமன்... உங்காத்துக்காரரா?"

பச்சைப் புடவை அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க யாரோ எவரோ, அதனால சொல்றேன் மாமி. எங்காத்துக்காரர் பேர் சாய்நாத். இருக்கறது ஒரே போஸ்ட். அது அந்தக் கல்யாணராமனுக்குப் போயிடுத்துன்னா எங்காத்துக்காரர் தப்பிச்சுடுவார். அந்த மனுஷரோட நட்சத்திரத்தை எங்காத்துக்காரர்கிட்டயே நைசாக் கேட்டு வெச்சுண்டேன். கோத்திரம்தான் அகப்படலை."

உள்ளே குருக்கள் மணியை எடுத்தார்.

ஜலஜா கம்பிக்கு மேலே எட்டி, இரைச்சலுக்கு நடுவே நிதானமாகச் சொன்னாள்.

"மாமா, அந்த அர்ச்சனையை நிறுத்துங்கோ. கல்யாணராமன் எங்காத்துக்காரர்."