தள்ளிப் படுங்க

பழைய வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். புதிதாக ஒருத்தி வந்துவிட்டால் நர்ஸக்கா கட்டிலோரம் நின்று, "கொஞ்சம் தள்ளிப் படுங்கம்மா" என்பாள். சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போகும். இடம் போதாமல் கீழே விழுந்தவர்களும் உண்டு. எழுந்திருக்காமலே போனவர்களும் உண்டு.

இப்போது அதை இடித்துவிட்டுப் புதுக் கட்டடம் கட்டியாயிற்று. ஆளுக்கொரு கட்டில், தலைமாட்டில் ஆக்சிஜன் குழாய். திறந்துவைக்க வந்த அமைச்சர்கூட மெத்தையை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஆனால் எல்லோரும் ஓரத்திலேயே படுத்தார்கள், பழைய வார்டைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்களும்.

அன்று காலை வயிற்றில் ஆபரேஷன் முடிந்து வந்த பெண், விழாத குறையாக விளிம்பில் கிடந்தாள். நர்ஸக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"தையல் பிரிஞ்சா யாரு பதில் சொல்றது? கட்டில் மொத்தமும் உனக்குத்தாம்மா. நடுவுல படு."

"எப்படிக்கா? பாவம், வலி தாங்காம இப்பத்தான் கண்ணசந்தாங்க."

நர்ஸக்கா காலியாக இருந்த பாதியில் கை வைத்தாள். வெயில் எட்டாத பக்கம்தான். ஆனாலும் விரிப்பு கதகதப்பாக இருந்தது. கைக்கு அடியில் மெத்தை நீளவாக்கில் பள்ளமாகியிருந்தது.

அதற்குள் அந்தப் பெண் விளிம்பிலிருந்து சரிந்தாள். பதறிப்போய் அவளைத் தாங்கிப் பிடித்த நர்ஸக்காவின் வாயில், பழக்கதோஷத்தில், அதே வார்த்தைதான் வந்தது. ஆனால் சொன்னது அந்தப் பெண்ணிடம் அல்ல.

"கொஞ்சம் தள்ளிப் படுங்கம்மா."

மெத்தையில் இருந்த பள்ளம் மெல்ல நகர்ந்து சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டது.